மூன்று தீவுகளுக்கு மின்சாரம் யார் தருவது?

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு. யாழ்ப்பாணத்துக்கு மேற்கே கடலில் கிடக்கும் இந்த மூன்று தீவுகளுக்கும் இலங்கையின் தேசிய மின்வலையமைப்பு எட்டவில்லை. மின்சார சபை ஒவ்வொரு தீவிலும் டீசல் மின்பிறப்பாக்கிகளை வைத்துத்தான் காலம் தள்ளி வந்திருக்கிறது. டீசல் கடல் தாண்டிப் போக வேண்டும். அதில் பிறக்கும் ஒவ்வொரு அலகு மின்சாரத்துக்கும் ஆகிற செலவு, பாவனையாளர் கட்டுகிற பணத்தைப் போலப் பல மடங்கு.

என் கணவரின் தாயார் நெடுந்தீவுக்காரி. எண்பதைத் தாண்டிய பிறகும் தீவை விட்டு வர மனமில்லாதவர். குறிகட்டுவானில் படகேறி அவரைப் பார்க்கப் போகிற நாட்களில் எல்லாம் மின்சாரத்தைப் பற்றி ஒரு பேச்சு வந்துவிடும். காற்றும் வெயிலும் வருசம் முழுக்கக் கொட்டிக் கிடக்கிற ஊரில், வெளிநாட்டிலிருந்து டொலர் கொடுத்து வாங்கிய எண்ணெயை எரித்து பான் சுற்றுகிறது என்பது அவருக்கும் விளங்கும், எனக்கும் விளங்கும்.

அதை மாற்றத்தான் ஒரு திட்டம் வந்தது. ஆசிய அபிவிருத்தி வங்கி 2016இல் மின்விநியோகத்துக்கென இலங்கைக்கு ஒப்புக்கொண்ட கடனில் ஒரு சிறு பகுதி இந்தத் தீவுகளுக்கு. காற்றாலை, சூரியத் தகடு, மின்கலம், இவை மூன்றும் கைவிட்டால் மட்டும் ஓடுகிற டீசல் இயந்திரம் என்று நான்கையும் சேர்த்த கலப்பு முறை. பக்கத்து எழுவைதீவில் சிறிய அளவில் செய்தும் பார்த்தாயிற்று. அந்த வங்கியின் விதிப்படி சர்வதேசக் கேள்விமனு கோரப்பட்டது. அதன் உறுப்பு நாடுகளில் உள்ள எந்த நிறுவனமும் விலை கொடுக்கலாம். இந்தியாவும் உறுப்பு நாடு, சீனாவும் உறுப்பு நாடு. 2021 ஜனவரியில் சினோசோர்–ஈடெக்வின் என்ற சீனக் கூட்டு நிறுவனத்துக்கு வேலையைக் கொடுக்க அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. பெறுமதி ஏறத்தாழ 12 மில்லியன் டொலர். ஒரு நாட்டின் கணக்கில் இது மிகச் சிறிய தொகை.

அங்கேதான் சிக்கல் தொடங்கியது. நெடுந்தீவிலிருந்து இராமேசுவரம் ஐம்பது கிலோமீற்றருக்குள். அந்த இடத்தில் ஒரு சீன நிறுவனம் கோபுரம் நாட்டுவதை இந்தியா ஏற்கவில்லை. கொழும்பில் எதிர்ப்புத் தெரிவித்தது. கடனாக வருகிற அந்தத் தொகையை நாங்கள் நன்கொடையாகவே தருகிறோம் என்றும் சொன்னது. அந்த ஆண்டு முழுக்க இழுபறி. 2021 டிசம்பர் முதலாந் திகதி கொழும்பிலுள்ள சீனத் தூதரகம், ‘மூன்றாம் தரப்பு’ ஒன்றின் பாதுகாப்புக் கவலையால் வேலை நிறுத்தப்பட்டுவிட்டதாக அறிவித்தது. அதே நிறுவனம் மாலைதீவில் 12 தீவுகளுக்குச் சூரிய மின்நிலையம் அமைக்க ஒப்பந்தம் செய்துவிட்டது என்ற செய்தியும் அந்த அறிவிப்பிலேயே இருந்தது. இரண்டு கிழமை கழித்துச் சீனத் தூதுவர் யாழ்ப்பாணம் வந்தார். வேட்டி கட்டி, மேலாடை களைந்து, நல்லூர்க் கந்தனைக் கும்பிட்டார். மன்னாருக்குப் போய் இராமர் பாலத்து மணல் திட்டுகளையும் பார்த்தார். எங்கள் ஊரில் அன்றைக்கு அதுதான் பேச்சு.

2022 மார்ச்சில் இந்திய வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் கொழும்பு வந்தபோது, அந்த மூன்று தீவுகளுக்குமான ஒப்பந்தம் இந்திய நன்கொடையில் கைச்சாத்தானது. வேலையைச் செய்ய பெங்களூரைச் சேர்ந்த யூ-சோலார் நிறுவனத்துடன் ஒப்பந்தம் ஆனது 2024 மார்ச் முதலாந் திகதி. 530 கிலோவாற் காற்று, 1,700 கிலோவாற் சூரியன், 2,400 கிலோவாற்-மணி மின்கலம், காவலுக்கு 2,500 கிலோவாற் டீசல். நன்கொடைத் தொகை 11 மில்லியன் டொலர்.

முதல் ஒப்புதலுக்கும் இந்தக் கைச்சாத்துக்கும் நடுவே மூன்று வருசம் கடந்துவிட்டது. அந்த மூன்று வருசத்துக்குள்தான் இலங்கையில் டீசலே இல்லாமற் போன 2022ஆம் ஆண்டும் வந்தது. மாமியிடம் இந்த இழுபறியைச் சொன்னபோது, “ஆர் தந்தாலும் எனக்கென்ன பிள்ளை, ராவில பான் நிக்காமச் சுத்தினாக் காணும்” என்றார்.

டீசல் ஏன் இல்லாமற் போனது என்பதை நான் என் வேலையிடத்தில் இருந்தே பார்த்தேன். நான் ஓய்வுபெறும் வரை ஒரு வங்கியின் வெளிநாட்டு வணிகப் பிரிவில் வேலை செய்தவள். நாணயக் கடிதம் திறப்பதுதான் எங்கள் பகுதியின் முக்கிய வேலை. எல்.சி. என்றால் வியாபாரிகள் எல்லாருக்கும் தெரியும். யாழ்ப்பாணத்து மொத்த வியாபாரி ஒருவர் அவுஸ்திரேலியாவிலிருந்து பருப்பு இறக்க வேண்டும். அவரை அங்குள்ள விற்பனையாளருக்குத் தெரியாது. எனவே எங்கள் வங்கி, சரக்கு கப்பலேறிய பத்திரங்கள் சரியாக வந்தால் பணம் தருவோம் என்று அங்குள்ள வங்கிக்கு எழுத்தில் உறுதி கொடுக்கும். எங்கள் வங்கியின் வாக்கை அந்த வங்கி நம்ப வேண்டும். எங்கள் வங்கியை நம்புவதென்றால் எங்கள் நாட்டை நம்ப வேண்டும். உலகமயம் என்று பெரிதாகப் பேசப்படுவது என் மேசையில் இந்த உருவில்தான் இருந்தது. முகம் தெரியாதவர்களின் நம்பிக்கையில் ஓடுகிற ஒரு சங்கிலி அது.

அந்தச் சங்கிலியின் கண்ணிகள் ஒவ்வொன்றாகக் கழன்றதை நான் கண்ணால் கண்டேன். தரமிடும் நிறுவனங்கள் இலங்கையின் மதிப்பைக் குறைத்துக்கொண்டே வந்தன. 2021 டிசம்பரில் ஃபிட்ச் நிறுவனம் ‘சிசி’ என்ற நிலைக்கு இறக்கியது. கடன் திரும்பி வராமற் போகக்கூடும் என்பது அதன் பொருள். பிறகு வெளிநாட்டு வங்கிகள் எங்கள் கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு சரக்கை விட மறுத்தன. வேறொரு பெரிய வங்கியின் உத்தரவாதம் கேட்டன, அதற்குக் கட்டணம் கேட்டன, கடைசியில் முழுப்பணத்தையும் முன்கூட்டியே கேட்டன. பால்மா, பருப்பு, மருந்து எல்லாம் கொழும்புத் துறைமுகத்தில் கொள்கலன்களுக்குள் கிடந்தன. வியாபாரிகள் கோப்புகளோடு வந்து நிற்பார்கள். கையில் ரூபா இருக்கிறது, சரக்கு துறைமுகத்தில் இருக்கிறது, நடுவில் டொலர் இல்லை. என்னிடம் வந்தவர்களில் ஒருவர் வருசக்கணக்காக ஒரு நாள்கூடத் தவணை பிந்தாதவர். “அக்கா, நான் என்ன பிழை விட்டனான்?” என்று கேட்டார். அவரில் ஒரு பிழையும் இல்லை. அவர் வாழ்கிற நாட்டின் பெயருக்குப் பக்கத்தில் எழுத்து மாறிவிட்டது.

அந்த நிலைக்கு நாடு எப்படி வந்தது என்பதை விளங்கிக்கொள்ள, கடன் கொடுப்பவர்கள் மாறிய கதையைப் பார்க்க வேண்டும். என் இளமையில் இலங்கைக்குக் கடன் தந்தவர்கள் உலக வங்கி, ஆசிய அபிவிருத்தி வங்கி, யப்பான் போன்றவர்கள். வட்டி மிகக் குறைவு, தவணைக் காலம் மிக நீளம். ஏழை நாட்டுக்கென்று இருந்த சலுகை அது. நாடு வளர வளர அந்தச் சலுகை குறையும். உலக வங்கி இலங்கையை 1997இல் நடுத்தர வருமான நாடுகளின் பட்டியலில் சேர்த்தது. வருமானம் கூடியது என்று மகிழ வேண்டிய செய்திதான். ஆனால் மலிவான கடனின் வாசல் அதோடு மெல்ல மூடத் தொடங்கியது. நாட்டின் தேவை குறையவில்லை. வரி திரட்டும் திறனும் கூடவில்லை.

எனவே அரசு சந்தைக்குப் போனது. 2007 ஒக்ரோபரில் இலங்கை முதன்முறையாகச் சர்வதேச இறைமை முறிகளை விற்றது. 500 மில்லியன் டொலர், ஐந்து வருசம், வட்டி 8.25 சதவீதம். போர் நடந்துகொண்டிருந்த நேரம் அது. எதற்குச் செலவழிக்கிறாய் என்று முறி வாங்குபவர் கேட்கமாட்டார். வட்டி வந்தால் போதும். அரசியல்வாதிகளுக்கு அந்தச் சுதந்திரம் பிடித்துப்போனது. பிறகு ஆண்டுக்காண்டு விற்றார்கள். கடைசியில் கட்ட முடியாமல் நின்றபோது முறிக் கடன் 12.5 பில்லியன் டொலரைத் தாண்டியிருந்தது.

இந்தக் கடன் பழைய கடனைப் போன்றதல்ல என்பதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். உலக வங்கிக் கடனை இருபது முப்பது வருசத்தில் சிறுகச் சிறுகக் கட்டலாம். முறியோ முதிர்வு நாளில் முழு முதலையும் ஒரே தடவையில் கேட்கும். அந்த நாளில் இன்னொரு முறியை விற்றுத்தான் பழையதைக் கட்டுவது வழக்கம். புதியதை வாங்க ஆளில்லாமற் போகிற நாளில் எல்லாம் முடிந்துவிடும். கடன் தந்தவர்கள் ஆர் என்பதுகூட முறிகள் கைமாறிக்கொண்டே இருப்பதால் முழுதாகத் தெரியாது. தகராறு வந்தால் நியூயோர்க் சட்டம். கரீபியன் கடலில் உள்ள செயின்ற் கிற்ஸ் – நெவிஸ் என்ற சின்னத் தீவு நாட்டில் பதிவுபெற்ற ஒரு வங்கி, தன்னிடம் 250 மில்லியன் டொலர் பெறுமதியான இலங்கை முறிகள் இருப்பதாகச் சொல்லி 2022 யூனில் நியூயோர்க் நீதிமன்றத்தில் இலங்கை அரசின் மேல் வழக்குப் போட்டது.

2022 ஜனவரி 18ஆம் திகதியை நான் மறக்கமாட்டேன். அன்று 500 மில்லியன் டொலர் முறியொன்று முதிர்ந்தது. எரிவாயுவுக்கும் பால்மாவுக்கும் சனம் வரிசையில் நின்ற காலம். மருந்துக்கு எல்.சி. திறக்க எங்களிடம் டொலர் இல்லை. கட்டாமல் நிறுத்திவையுங்கள், கடன்காரர்களோடு பேசுங்கள் என்று பல பொருளியலாளர்கள் மன்றாடினார்கள். அரசு முழுதையும் கட்டியது. நாட்டின் பெயரைக் காப்பாற்றுவதாகச் சொன்னார்கள். மூன்று மாதம் கழிய, ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்துவதாக அதே அரசு அறிவிக்க வேண்டி வந்தது. சுதந்திரம் பெற்ற நாளிலிருந்து அப்படி ஒருநாளும் நடந்ததில்லை. அந்த 500 மில்லியன் டொலரில் எத்தனை கப்பல் மருந்து வந்திருக்கும் என்று கணக்குப் பார்க்கிற வேலையில் இருந்தவள் நான். இன்றைக்கும் அதை நினைத்தால் மனம் ஆறுவதில்லை.

இந்த இடத்தில் அம்பாந்தோட்டையைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. தமிழ்நாட்டு உறவினர்கள் தொலைபேசியில் கேட்கிற முதல் கேள்வியே அதுதான்: கடனைக் கட்ட முடியாததால் சீனாக்காரன் துறைமுகத்தைப் பறித்துக்கொண்டானாமே? நடந்தது வேறு. முதற்கட்ட வேலைக்குச் சீனாவின் எக்சிம் வங்கி 307 மில்லியன் டொலர் கடன் தந்தது. வட்டி 6.3 சதவீதம். துறைமுகம் வருமானம் தரவில்லை. 2017இல் சைனா மேர்ச்சன்ற்ஸ் நிறுவனத்துக்கு 99 வருசக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். அதற்கு வந்த 1.12 பில்லியன் டொலர், துறைமுகக் கடனைக் கழிக்கப் போகவில்லை. நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்புக்குப் போனது. எக்சிம் வங்கிக் கடன் அரசின் தலையில் அப்படியே இருந்தது. சந்தைக் கடன்களின் தவணை நெருக்கியதால் டொலருக்காகத் துறைமுகத்தைக் குத்தகைக்கு விட்டோம் என்பதே சரியான கணக்கு. சீனாவிடம் பட்ட கடன் 2021 முடிவில் அரசின் வெளிக்கடனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. சிறிதல்ல, ஆனால் முறிக் கடன் அதைவிடப் பெரிது. சீனாவைக் குற்றமற்றதாக்க இதைச் சொல்லவில்லை. அந்த ஒப்பந்தங்களும் மூடிய கதவுக்குள் போடப்பட்டவைதான். ஆனால் தவறான நோயைச் சொல்லி வைத்தியம் பார்த்தால் நோய் தீராது.

கடன் கணக்காக இருந்தவரைக்கும் அதைக் கூட்டிக் கழித்துப் பார்க்கலாம். அது பாதுகாப்பு விவகாரமாக மாறியதும் கணக்குப் பார்க்க இடமில்லாமற் போகிறது. 2014இல் சீன நீர்மூழ்கி கொழும்புத் துறைமுகத்துக்கு வந்தது. 2022 ஓகஸ்ற் 16ஆம் திகதி, நாடு வங்குரோத்தாகிக் கிடந்த நேரத்தில், ‘யுவான் வாங் 5’ என்ற கண்காணிப்புக் கப்பல் அம்பாந்தோட்டையில் நங்கூரமிட்டது. இந்தியா வேண்டாம் என்றது, சீனா வேண்டும் என்றது. கொழும்பு முதலில் ஒத்திவைக்கச் சொல்லி, பிறகு அனுமதித்தது. 2024இல் வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்கள் எதுவும் ஒரு வருசம் வரக்கூடாது என்று தடை போட்டு மூச்சு விட்டது.

இந்தச் சந்தேகம் எல்லாத் திசையிலும் பாய்ந்தது. அமெரிக்காவின் மில்லேனியம் சவால் நிறுவனம் வீதிப் போக்குவரத்துக்கும் காணிப் பதிவுக்கும் என 480 மில்லியன் டொலரை நன்கொடையாகத் தர 2019இல் ஒப்புக்கொண்டது. இறைமை போய்விடும் என்று கொழும்பில் பெரும் கூச்சல். 2020 டிசம்பரில் அது கைவிடப்பட்டது. கொழும்பு இலகு ரயில் திட்டத்துக்கு யப்பான் 0.1 சதவீத வட்டியில், நாற்பது வருசத் தவணையில் கடன் தந்திருந்தது. அவ்வளவு மலிவான கடன் இனி வருமோ தெரியாது. 2020 செப்ரெம்பரில் இலங்கை அரசு தானாகவே அதை ரத்துச் செய்தது. கொழும்புத் துறைமுகத்தின் கிழக்கு முனையத்தை இந்தியாவோடும் யப்பானோடும் சேர்ந்து கட்டுவதற்கான உடன்பாடு 2021 பெப்ரவரியில் முறிந்தது. பிறகு மேற்கு முனையம் அதானி குழுமத்துக்குப் போனது. அதற்கு 553 மில்லியன் டொலர் கடன் தருவதாக 2023 நவம்பரில் அறிவித்தது அமெரிக்க அரசின் அபிவிருத்தி நிதி நிறுவனம். அமெரிக்கப் பணம், இந்திய நிறுவனம், இலங்கைத் துறைமுகம், பக்கத்திலேயே சீனர்கள் நடத்துகிற இன்னொரு முனையம். அடுத்த ஆண்டு டிசம்பரில் அதானி குழுமம் அந்தக் கடன் தனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

இவற்றில் எது நல்ல முடிவு, எது கெட்ட முடிவு என்று ஒவ்வொன்றாக விவாதிக்கலாம். எனக்கு உறைப்பது வேறு. கேள்விமனு என்றால் அதற்கு ஒரு கோப்பு உண்டு. ஆர் என்ன விலை கேட்டார், ஏன் இவரைத் தெரிந்தெடுத்தார்கள் என்று பிறகு ஒருவர் கேட்கலாம். கணக்காய்வாளர் கேட்கலாம், நீதிமன்றம் கேட்கலாம். பாதுகாப்பு என்று சொல்லி முடிவு மாறும்போது கோப்பு மூடப்படுகிறது. வடக்கில் வாழ்கிற எங்களுக்கு இது புதிதல்ல. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் தங்கள் காணியைக் கேட்டபோதெல்லாம் கிடைத்த பதில் உயர் பாதுகாப்பு வலயம் என்பதுதான். எவரின் பாதுகாப்பு, எதனிடமிருந்து, எவ்வளவு காலத்துக்கு என்று கேட்க வழியில்லை. பெற்றோர் முகாமில் கண்மூடினார்கள், பிள்ளைகள் முகாமில் வளர்ந்தார்கள். அந்த அனுபவம் உள்ளவர்களுக்கு, தங்கள் தீவின் மின்சாரமும் அதே காரணத்தால் நின்றது என்று கேட்கிறபோது வயிறு எரியும்.

இந்தியாவின் அச்சம் வீணானது என்று நான் சொல்லமாட்டேன். 2020 யூனில் கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையோடு நடந்த மோதலில் இருபது இந்தியச் சிப்பாய்கள் உயிரிழந்தார்கள். அடுத்த மாதமே தன் நில எல்லையைப் பகிரும் நாடுகளின் நிறுவனங்கள் பதிவும் அனுமதியும் இல்லாமல் அரச கேள்விமனுக்களில் பங்கெடுக்க முடியாது என்று டில்லி விதி கொண்டுவந்தது. தன் வீட்டில் செய்த காவலை வாசலிலும் செய்யப் பார்த்தது. 2022இல் எங்களைக் கைதூக்கிவிட்டதும் இந்தியாதான். எரிபொருள், உணவு, மருந்து என்று அந்த ஆண்டில் தந்த உதவி ஏறத்தாழ 4 பில்லியன் டொலர். தமிழ்நாட்டு அரசு தனியாக அரிசி, பால்மா, மருந்து அனுப்பியது. 2022 மே 18ஆம் திகதி சென்னைத் துறைமுகத்திலிருந்து முதற்கப்பல் புறப்பட்டது. அந்தப் பால்மா பைகளை வாங்கிய தாய்மாரின் முகத்தை நான் பார்த்தேன். அந்த நன்றி எங்களுக்கு எப்போதும் உண்டு.

ஆனால் தமிழ்நாட்டு வாசகர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்குக் கடன் தருகிறவர்களில் ஆசிய உட்கட்டமைப்பு முதலீட்டு வங்கியும் ஒன்று. அதன் தலைமையகம் பீஜிங்கில். மிகப் பெரிய பங்குதாரர் சீனா, அடுத்தவர் இந்தியா. அந்த வங்கியிடம் மிக அதிகம் கடன் வாங்கிய நாடும் இந்தியாதான். எல்லையில் சண்டை நடந்தபோதும் அந்தக் கடன் வரத்து நிற்கவில்லை. அது தவறும் இல்லை. பெரிய நாட்டுக்குப் பணத்தை வேறாகவும் பகையை வேறாகவும் வைக்கிற பலம் இருக்கிறது. நெடுந்தீவின் சூரியத் தகட்டுக்கு அந்தப் பலம் இல்லை. மணிலாவில் தலைமையகம் கொண்ட ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடன், அதன் விதிப்படி நடந்த போட்டி, அதில் வென்ற நிறுவனம் என்று எல்லாம் முறைப்படி இருந்தும், நிறுவனத்தின் கடவுச்சீட்டு எல்லாவற்றையும் தள்ளிவிட்டது. உலகச் சந்தையில் எல்லாருக்கும் ஒரே விதி என்று எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். அந்த விதியை வளைக்கிற உரிமை நாட்டின் அளவைப் பொறுத்தது என்பதை நாங்கள் பட்டுத்தான் அறிந்தோம்.

கடனைச் சீரமைக்கிற மேசையிலும் இதுவே நடந்தது. சர்வதேச நாணய நிதியம் பணம் விட வேண்டுமென்றால், கடன் கொடுத்த நாடுகள் விட்டுக்கொடுப்போம் என்று எழுத்தில் உறுதி தர வேண்டும். 2023 ஜனவரியில் இந்தியா முதல் ஆளாகத் தந்தது. சீனாவின் கடிதம் திருப்தியாக வர மார்ச் ஆனது. மார்ச் 20இல் ஏறத்தாழ 3 பில்லியன் டொலர் திட்டத்துக்கு நிதியம் ஒப்புதல் கொடுத்தது. இலங்கை அதனிடம் போனது அது பதினேழாவது தடவை. பிறகு இந்தியா, யப்பான், பிரான்ஸ் தலைமையில் ஒரு கடன்காரர் குழு, சீனா தனியாக. 2024 யூன் 26இல்தான் இரண்டு பக்கத்தோடும் கைச்சாத்து நடந்தது. முறி வைத்திருந்தவர்களோடு டிசம்பரில். அங்கே பிறந்த புதுவகை முறி ஒன்று உண்டு: இலங்கைப் பொருளாதாரம் எதிர்பார்த்ததைவிட நன்றாக வளர்ந்தால் கடன்காரர்களுக்குக் கூடுதலாகக் கட்ட வேண்டும். சனம் வயிற்றைக் கட்டி மீண்டு வந்தால், அந்த மீட்சியிலும் அவர்களுக்கு ஒரு பங்கு.

அந்த மேசையில் இல்லாதவர்கள் கட்டிய விலையைச் சொல்கிறேன். 2022 ஓகஸ்ரில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதம் ஏறியது. மாதம் 30 அலகுக்குள் பாவிக்கிற மிக ஏழை வீடுகளுக்கு மூன்று மடங்குக்கும் மேல். 2023 பெப்ரவரியில் மறுபடி 66 சதவீதம். வற் வரி 2024 ஜனவரியில் 18 சதவீதமாகியது. உள்நாட்டுக் கடனைச் சீரமைத்தபோது வங்கிகள் வைத்திருந்த அரச ரூபா முறிகளைத் தொடவில்லை. வங்கிகள் ஆட்டம் கண்டால் சேமிப்பாளர் தவிப்பார்கள் என்ற காரணம் உண்மைதான், அந்தத் துறையில் இருந்தவள் என்ற முறையில் ஏற்கிறேன். ஆனால் அந்தப் பாரத்தை ஊழியர் சேமலாப நிதியின் மேல் வைத்தார்கள். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற பெண்ணும், ஆடைத் தொழிற்சாலையில் தைக்கிற பிள்ளையும், கடையில் நிற்கிற பையனும் மாதாமாதம் போடுகிற பணம் அது. அந்த நிதி வைத்திருந்த அரச முறிகளை மாற்றி, முதலில் 12 சதவீதம், பிறகு 9 சதவீதம் என்று வட்டியைக் குறைத்தார்கள். மாற்ற மறுத்தால் அதன் வருமானத்துக்கு வரி 30 சதவீதம். நியூயோர்க்கில் முறி வைத்திருந்தவருக்கு வழக்கறிஞரும் நிதி ஆலோசகரும் இருந்தார்கள். கொழுந்து பறிக்கிற பெண்ணுக்காகப் பேச அந்த அறையில் ஆருமில்லை. இதை அநியாயம் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

2025 ஏப்ரல் 5ஆம் திகதி பிரதமர் மோடி கொழும்பில் இருந்தபோது ஏழு புரிந்துணர்வு உடன்படிக்கைகள் கைச்சாத்தாயின. மின் இணைப்பு, திருகோணமலை எரிசக்தி மையம், கிழக்கு மாகாணத்துக்கு உதவி ஆகியவற்றோடு பாதுகாப்பு ஒத்துழைப்பும் அதே அமர்வில். அதைப் பாராளுமன்றத்தில் வையுங்கள் என்று எதிர்க்கட்சியினர் கேட்டார்கள். உதவியும் பாதுகாப்பும் ஒரே நாளில், ஒரே மேசையில் கைமாறுவது இனி வழமையாகப் போகிறது. இந்தியாவோ சீனாவோ அமெரிக்காவோ, எவரோடு என்றாலும் அப்படித்தான்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எங்களிடம் இருக்கிறது. நல்ல சட்டம். அதன் ஐந்தாம் பிரிவு தேசிய பாதுகாப்பு, வேற்று நாடுகளுடனான உறவு ஆகியவற்றைக் காரணம் காட்டித் தகவல் மறுக்க இடம் தருகிறது. தீவுகளின் மின்திட்டத்தைப் பற்றி நான் அறிய விரும்புவதில் படை இரகசியம் எதுவும் கிடையாது. மின்கலம் பத்துப் பதினைந்து வருசத்தில் களைத்துவிடும். அதை மாற்றும் செலவு நன்கொடைக்குள் வருகிறதா? காற்றாலை பழுதானால் உதிரிப்பாகம் எங்கிருந்து, எவ்வளவு நாளில் வரும்? டீசல் மிச்சப்படுவதால் குறைகிற செலவில் தீவு மக்களின் கட்டணத்துக்கு ஏதாவது பங்கு உண்டா? இந்த மூன்றையும் தமிழில் எழுதி, நெடுந்தீவிலுள்ள உறவினர்கள் சிலரின் கையொப்பத்தோடு, இலங்கை நிலைபெறுதகு வலு அதிகாரசபையின் தகவல் உத்தியோகத்தருக்கு அனுப்பப் போகிறோம். மாமியும் கையெழுத்து வைக்கிறார். சட்டப்படி 14 வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.